மூன்றாம் சட்டத்தின் சாய்கட்டை

நெஸ்டா ப்ரீஸைப் பிடிவாதக்காரி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிடிவாதம் என்றால் நாலு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஐந்தாம் நாள் இறங்கி வருவது. நெஸ்டாவிடம் இருந்தது அந்த ரகம் இல்லை. போர்க்காலத்தில் புல்வெளியை உழுது உருளைக்கிழங்கு போடச் சொல்லி வந்த அதிகாரியை, அவள் தன் பதினாறு மாடுகளுக்கும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி வைத்தாள். "இதுல எது பட்டினி கிடக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிட்டுப் போங்க" என்றாள். அந்த மனுஷன் மறுபடி ஹெரிஃபர்ட்ஷயரின் எங்கள் மூலைக்கு வரவே இல்லை.

ஐம்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். ஒருமுறை உடைந்து சரியாகச் சேராமல் போனது. அந்தக் கையோடுதான் காலையும் மாலையும் பால் கறந்தாள், சைடர் மதுவுக்கு ஆப்பிள் பொறுக்கினாள், ஹேசல்காட் வீட்டைக் காப்பாற்றினாள். இந்தக் கதை கடைசியாகச் சொன்னதைப் பற்றி.

ஹேசல்காட் முழுக்க ஓக் மரச்சட்டத்தில் நிற்கிற வீடு. குறுக்கே ஐந்து சட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள், மேலே ஓர் உத்தரம், கீழே ஓர் அடிக்கட்டை, தூணின் நடுவிலிருந்து அடிக்கட்டைக்கு இறங்கும் வளைந்த சாய்கட்டை ஒன்று. இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர ஆணி. சட்டங்களுக்கு நடுவே ஹேசல் குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசிய சுவர். முந்நூற்றைம்பது வருஷமாக அங்கேயே நின்றது. நேராக நின்றது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நின்றது.

1957 ஜூன் மாதம் கவுன்சிலிலிருந்து டிரான்டர் என்ற சர்வேயர் வந்தார். ஒல்லியான ஆள், மரியாதை தெரிந்தவர், சைக்கிளில் வருவார். வீட்டுக்குள் வந்ததும் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துச் சமையலறைத் தரையில் வைத்தார். குண்டு ஒரு நொடி யோசித்துவிட்டு உருள ஆரம்பித்தது. மேஜைக்கு அடியில் போய், நாயைத் தாண்டி, வடக்குச் சுவரில் முட்டி நின்றது.

"என் வீட்டுத் தரையில கோலி விளையாடவா சார் உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்றாள் நெஸ்டா.

"வடக்குச் சுவர் வெளிய சாயுது, மிஸ் ப்ரீஸ்."

"என் தாத்தா காலத்துலயே சாஞ்சிருந்துச்சு."

"சாஞ்சிருந்தா பரவாயில்லை. இன்னும் சாஞ்சிட்டே இருக்கான்றதுதான் கேள்வி." மாடியறைக்குப் போனார். அங்கே நடுத் தூணுக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழைகிற விரிசல் இருந்தது. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் அப்பினார். "சுவர் நகரலேன்னா கண்ணாடி முழுசா இருக்கும். நகர்ந்தா உடையும். நானும் பொய் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது."

மூன்றாவது வாரம் கண்ணாடி உடைந்தது. நெஸ்டா அதைத் தொடவே இல்லை; படுக்கை விரிப்பு மாற்றப் போனபோது நடுவில் கோடு விழுந்திருந்ததைப் பார்த்தாள். மறைத்திருக்கலாம், புதுக் கண்ணாடி வாங்கி ஒட்டியிருக்கலாம். அவள் அந்த ஜாதி இல்லை. போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டாள்: 'உடைந்துவிட்டது. நெ. ப்ரீஸ்.'

பதிலுக்கு வந்தது இடிப்பு உத்தரவு. வீடு குடியிருக்கத் தகுதியற்றது, செப்டம்பர் இருபத்தொன்பது, மைக்கேல்மஸ் நாளுக்குள் காலி செய்ய வேண்டும், பிறகு இடிக்கப்படும். கீழே சின்ன எழுத்தில் ஒரு வழி விட்டிருந்தார்கள். சுவர் நகர்வதற்கான காரணத்தை உரிமையாளர் கண்டுபிடித்து, எழுதிக் கொடுத்து, சரிசெய்து, அதன் பிறகு ஆறு வாரம் கண்ணாடி உடையாமல் நின்றால் உத்தரவு ரத்து.

அவள் தம்பி கிளெம் செய்தி கேட்டு லாரியோடு வந்தான். பீர் காய்ச்சப் போடும் ஹாப் பூ மூட்டை ஏற்றும் லாரி அவனுடையது. கூட்டுரோட்டில் புதுசாகக் கட்டிய செங்கல் வீட்டில் பெண்டாட்டியோடு இருந்தான். அந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனை நிறுத்த முடியாது.

"விட்டுத் தொலைக்கா. இந்த இடத்துலயே சின்னதா ஒண்ணு கட்டிக்கலாம். மூணு ரூம், குழாயைத் திறந்தா வெந்நீர். இங்க குளிக்கிறதுக்கு நீ அண்டாவைத் தூக்கிட்டு அல்லாடற."

"நான் கேட்டேனா வெந்நீர்?"

"நீ எதைத்தான் கேட்ட! இந்த வீடு சாஞ்சு ஒரு நாள் உன் மேல விழும். அப்ப நான்தான் வந்து மண்ணைத் தோண்டணும்."

"விழாதுடா. இது வீட்டோட தப்பு இல்ல. அப்பா பூசின சிமெண்டோட தப்பு. அன்னிக்கே சொன்னேன்."

கிளெமின் முகம் இறுகிவிட்டது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும். அவர்கள் அப்பா வால்டர் ப்ரீஸ் இறந்து பதின்மூன்று வருஷம். வாய் திறந்து பேசாத மனுஷன். வடக்குச் சுவர் முழுக்க, மரமும் களிமண்ணும் தெரியாதபடி, வெளிப்பக்கம் சிமெண்ட் பூசினது அவர்தான். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பாதிப் பேர் செய்த தப்பு அது. சிமெண்ட் விரியும், விரிசலில் மழை புகும், புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தைத் தின்னும். சுண்ணாம்பாக இருந்தால் மூச்சு விட்டுக் காய்ந்துவிடும். நெஸ்டா இதை அப்பாவிடமே சொன்னாள், அவர் போன பிறகு ஊரெல்லாம் சொன்னாள், கிறிஸ்துமஸ் விருந்தில் வாத்து வெட்டும்போதுகூடச் சொன்னாள்.

"செத்தவரை விடமாட்டியா நீ?" என்று கேட்டுவிட்டு கிளெம் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நெஸ்டா அடுத்த நாள் தச்சர் பஃப்டனைக் கூப்பிட்டாள். ஏமஸ் பஃப்டன் வண்டிச் சக்கரமும் சவப்பெட்டியும் செய்கிறவர். ட்ராக்டர் வந்த பிறகு சவப்பெட்டி மட்டும்தான் ஓடியது. ஆளைப் பார்த்ததும் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார் என்று ஊரில் ஒரு பயம் உண்டு.

"யோவ் பஃப்டன், என்னைப் பாக்காதீரு. சுவரைப் பாரும்."

"உன் அளவு எனக்கு இருபது வருஷமா தெரியும்மா. சுவரைத்தான் பாக்கறேன்." அவர் சிமெண்டைச் சுத்தியலால் தட்டினார். டொப்பென்று வெற்றுச் சத்தம் வந்தது. "உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். முழுசா உரிச்சாத்தான் ஏதாவது சொல்ல முடியும்."

"உரிக்கலாம்."

"அறுவடை நேரம். எனக்கு ஆள் கிடைக்காது."

"நான் ஆள் இல்லையா?"

ஜூலை முழுக்க அவளே உரித்தாள். காலையில் பால் கறந்து, கேன்களைச் சாலையோரத் திட்டில் வைத்துவிட்டு, ஏணி போட்டு உளியும் சுத்தியலுமாக ஏறுவாள். மாலைக் கறவைக்கு இறங்குவாள். சிமெண்ட் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. கோழிகள் அதன் அடியிலிருந்த புழுவுக்குச் சண்டை போட்டன. மணிக்கட்டு வீங்கினால் கந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். தெரிந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி, "கவுன்சில்காரனுக்கு முன்னாடி நீயே இடிச்சு முடிச்சிருவ போலிருக்கே!" என்று கேலி செய்தார்கள். "வந்து கை கொடு, இல்லேன்னா வாயை மூடிட்டுப் போ" என்று மேலிருந்தே பதில் சொன்னாள்.

சிமெண்டுக்கு அடியில் அடிக்கட்டையின் வெளிப்பக்கம் ஈரமாக, கேக்கைப் போல உதிர்ந்தது. நெஸ்டாவுக்கு ஒருபக்கம் வருத்தம். மறுபக்கம், உள்ளுக்குள் ஒரு திருப்தி. பாத்தியா, நான் சொன்னேனே என்ற திருப்தி. கிளெமுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்து பார்க்கட்டும் என்று.

ஜூலை கடைசி சனிக்கிழமை மத்தியானம் கிளெம் வந்தான். பஃப்டனும் இருந்தார். மூன்றாம் சட்டத்துத் தூண் ஓரமாக, கடைசியாகச் சிமெண்ட் உரித்த இடத்தில் பஃப்டன் மண்டியிட்டு உட்கார்ந்து அடிக்கட்டைக்குள் கத்தியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இவ்வளவு சத்தம் போட்ட! ரெண்டு அங்குலம்தான் அழுகியிருக்கு. உள்ள இரும்பாட்டம் இருக்கு. புதுத் துண்டு சேத்தா முடிஞ்சுது. இந்த அழுகலுக்கெல்லாம் வீடு சாயாது."

"அப்புறம் எதுக்குச் சாயுதாம்?"

பஃப்டன் கத்தியை வெளியே உருவினார். தூணுக்கும் களிமண் சுவருக்கும் நடுவில் இருந்த விரிசலில் ஏதோ திணித்திருந்தது. கத்தி முனையால் கிளறி இழுத்தார். மடித்து மடித்து இறுக்கி அடைத்த செய்தித்தாள். இரண்டு அங்குல அகல விரிசலுக்குத் தேவையான கனம். பிரித்துக் கிளெமிடம் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஹாப் விலை போட்டிருக்கு," என்றான் கிளெம். "அக்டோபர் இருபத்திநாலு, முப்பத்தாறு. அப்பா சிமெண்ட் பூசினது அந்த நவம்பர்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான் மணல் சலிச்சேன்."

"அப்ப சிமெண்டுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருக்கு," என்றார் பஃப்டன். "அதை அடைக்கத்தான் பேப்பரு. பேப்பரை மூடத்தான் சிமெண்ட். உங்கப்பா சும்மா அழகுக்குப் பூசல."

நெஸ்டா அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஃப்டன் வீட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள். மூன்றாம் சட்டம் சமையலறைக்கும் பால் அறைக்கும் நடுவில் இருந்தது. தூணை ஒட்டி ஒரு கதவு. பஃப்டன் கதவு நிலைப் பலகையைக் கழற்றினார். தூணின் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ஒரு துளை. அதற்குள் சாய்கட்டையின் நாக்கு, அதாவது துளையில் செருகும் முனை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது. நாக்குக்கு வெளியே ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே பழைய தச்சன் உளியால் கீறிய குறி: மூன்று கோடு, ஒரு சின்னக் கொக்கி. அந்தக் காலத்தில் சட்டத்தைத் தரையில் படுக்கவைத்துச் செதுக்கிப் பொருத்திப் பார்த்து, எந்தக் கட்டை எந்தத் தூணுக்கு என்று இரண்டிலும் ஒரே குறி போட்டுத்தான் பிரிப்பார்கள். பிறகுதான் தூக்கி நிறுத்துவார்கள்.

பஃப்டன் நாக்கின் முனையைக் கட்டைவிரலால் தடவினார். "இது வண்டு அரிச்சது இல்ல. ரம்பம். சுவரைப் பிடிச்சு நிறுத்தற காலையே யாரோ அறுத்துட்டாங்க. எவன் செஞ்ச வேலை இது?"

"நான்," என்றாள் நெஸ்டா.

கிளெம் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் அறுத்தேன். கதவு வேணும்னு."

அந்தக் கதை இதுதான். முப்பத்தாறு பிப்ரவரியில், பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து பால் அறைக்குப் போக, வீட்டின் வடக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நாற்பத்திரண்டு எட்டு நடை. அந்த மூலைக் கல்லில் உறைபனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. உள்ளுக்குள்ளேயே ஒரு கதவு வைத்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டாள். ஒரு பக்கம் புகைபோக்கி, மறுபக்கம் சாய்கட்டை. வைக்க முடியாது என்றார். செப்டம்பரில் அவர் ஹாப் பறிக்க மூன்று நாள் வெளியூர் போனார். நெஸ்டா கை ரம்பத்தை எடுத்தாள். ஒரு வளைந்த கட்டை, அவ்வளவுதானே! ஒன்றரை நாள் ஆனது அறுக்க. ஓக் மரம் சும்மா விடுமா? கோணல் மணிக்கட்டோடு அறுத்தாள்.

அப்பா திரும்பி வந்து கதவுக்கு முன்னால் நின்றார். அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறகு பன்றிக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். நெஸ்டா அதை ஜெயித்ததாக எடுத்துக்கொண்டாள்.

கிளெம் செய்தித்தாளைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். "இருபத்தொரு வருஷம்," என்றான். "அவர் படுக்கையில கிடந்தப்பகூட 'உங்க சிமெண்டாலதான் வீடு போச்சு'ன்னு சொன்ன. அவர் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் அங்கதான் இருந்தேன்."

"எனக்குத் தெரியாதுடா."

"அவருக்குத் தெரியும்ல!"

அவன் வெளியே போய்விட்டான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நெஸ்டாவுக்கு அழுகை வந்தது. பஃப்டன் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். அவமானம் ஒருபக்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டை போட்டால் தெரிந்திருக்கும்.

பஃப்டன் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "இங்க பாரும்மா. இப்ப என்ன ஆயிடுச்சு? ஒரு இரும்புத் தடியைக் குறுக்க விட்டு, ரெண்டு பக்கமும் தகடு போட்டு முடுக்கினா சுவர் நிக்கும். கதவு இருந்துட்டுப் போவட்டும். உன் கைக்கும் நல்லது. அந்தக் காகிதத்துல காரணம்னு கேக்கற இடத்துல சிமெண்டுன்னு எழுதிரு. பாதி நெசந்தானே?"

"இரும்பு எத்தனை வருஷம் நிக்கும்?"

"பத்து. பதினைஞ்சு. ஓக்கு இரும்பைத் தின்னுரும்."

"சாய்கட்டை போட்டா?"

"அது நீயும் நானும் பாக்கப்போற கணக்கு இல்ல. ஆனா அந்த வளைவுல, அந்தக் கனத்துல, காஞ்ச ஓக்கை இப்ப எங்க தேடறது? பச்சை மரம் போட்டா காயறப்போ சுருங்கும், கண்ணாடி உடையும். பழசை அப்பவே அடுப்புல வச்சிருப்ப."

நெஸ்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாரும்," என்றாள்.

பன்றிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலுக்கு மேலே குறுக்காக, வளைந்த பெரிய கட்டை ஒன்று. இருபத்தொரு வருஷமாக அவள் தினம் இரண்டு வேளை அதன் அடியில் குனிந்து போய் வந்தாள். விறகுக் குவியலில் அவள் போட்டதை அப்பா எடுத்து அங்கே வைத்தது அவளுக்குத் தெரியும். விறகை வீணாக்க மாட்டார் என்று நினைத்தாள்.

பஃப்டன் கொட்டகைக்குள் ஏறி அந்தக் கட்டையைச் சுற்றிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மூன்று கோடும் ஒரு கொக்கியும் சிலந்திக்கூட்டுக்கு அடியில் அப்படியே இருந்தன.

"நெஸ்டா, இங்க வந்து பாரு. கம்பி போட்டுக் கட்டியிருக்காரு. கம்பிக்கு அடியில தோல் வார் வச்சிருக்காரு, மரம் தேயக் கூடாதுன்னு. ஆணி ஒண்ணுகூட அடிக்கல."

பன்றிக் கொட்டகைக்கு யாராவது இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்வார்களா? திரும்ப எடுத்து மாட்ட வேண்டிய கட்டை என்று அவர் வைத்திருந்தார். மகளே ஒரு நாள் வந்து கேட்பாள் என்று வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை.

"கதவை மூடறோம்," என்றாள் நெஸ்டா.

"யோசிச்சுச் சொல்லு. மூடினா ஆயுசுக்கும் சுத்திக்கிட்டுதான் போவணும். உனக்கு முப்பது வயசு இல்ல."

"எனக்கு வயசு தெரியும்யா. கம்பியை அவுரும்."

முதலில் சாய்ந்த சட்டத்தை இழுத்து நேராக்க வேண்டும். அதற்கு லாரி ஜாக்கி தேவை. நெஸ்டா கிளெமைக் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தபோது, வாசல்படியில் ஜாக்கியும் சங்கிலிகளும் கிடந்தன. லாரி அதற்குள் சாலை திரும்பிவிட்டது. பஃப்டன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தூணுக்கும் உத்தரத்துக்கும் சங்கிலி போட்டார்கள். அடிக்கட்டையில் அழுகின இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு சேர்த்தார்கள். பிறகு ஜாக்கியை ஒரு நாளைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. அவசரப்பட்டால் மர ஆணிகள் ஒடிந்து மொத்தச் சட்டமும் கையோடு வந்துவிடும் என்றார் பஃப்டன். தினமும் கறவை முடிந்ததும் நெஸ்டாவே அந்தக் கால் சுற்றைச் சுற்றினாள். வீடு முழுக்க முனகியது. மாடியில் ஜன்னல் கண்ணாடி ஒன்று தெறித்தது. நாய் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டது. ஒன்பதாம் நாள் பஃப்டன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "போதும். ரெண்டு அங்குலம் வந்திருக்கு. மீதி அதோட வயசு, அதை விட்டுரு" என்றார்.

தூணிலும் அடிக்கட்டையிலும் இருந்த பழைய நாக்குகளைத் தோண்டியெடுத்தார். சாய்கட்டையின் இரண்டு முனையிலும் குடைந்து, சவப்பெட்டிக்கென்று பத்து வருஷமாகக் காயப்போட்டிருந்த ஓக்கிலிருந்து புது நாக்குகள் வைத்தார். "இதை ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்" என்றார். "யாருக்கு?" என்று கேட்டாள். அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நெஸ்டா பல நாளுக்கப்புறம் சிரித்தாள்.

கோடு கோட்டோடு சேர்ந்தது. கொக்கி கொக்கியோடு சேர்ந்தது. மர ஆணியை அவளே அடித்தாள். கதவு இருந்த இடத்தில் முழங்கால் முதல் இடுப்பு வரை அந்தக் கட்டை குறுக்கே வந்து உட்கார்ந்தது. பாக்கி இடத்தில் அவளே குச்சி பின்னினாள், களிமண் குழைத்தாள், சுண்ணாம்பு பூசினாள். ஆகஸ்ட் பதினாறாம் தேதி டிரான்டர் சைக்கிளில் வந்து மாடியில் புதுக் கண்ணாடி ஒட்டினார். காரணம் எழுதும் படிவத்தையும் கொடுத்தார். அவள் அங்கேயே நின்றபடி எழுதி, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இரும்பும் சிமெண்டும் அவள் நினைப்பிலேயே வரவில்லை.

அந்த ஆறு வாரம் அவள் மாடியறையில் தூங்கவில்லை. கீழே நாற்காலியில்தான் தூங்கினாள். பார்க்கப் பயம். செப்டம்பர் பாதியில் மேற்கிலிருந்து பெருங்காற்று வந்து ஒரு பகல் முழுக்க அடித்தது. ஆப்பிள் மரம் இரண்டு வேரோடு விழுந்தன. நெஸ்டா தாங்க முடியாமல் மாடிக்கு ஏறி, கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வீடு கிறீச்சென்றது, முனகியது, புகைபோக்கியிலிருந்து கரி கொட்டியது. "நில்லு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "நில்லு. நான் மூடிட்டேன்ல? நில்லு." மாலைக் கறவைக்கு மாடுகள் கத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, விடாத மழையில், டிரான்டர் மழைக்கோட்டோடு வந்தார். கூடவே கிளெமும் உள்ளே வந்தான். அக்காவிடம் பேசவில்லை, கதவோரம் நின்றான். மாடிக்குப் போனார்கள். டிரான்டர் விளக்கைப் பிடித்துக் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். விரல் நகத்தால் தட்டினார்.

"முழுசா இருக்கு," என்றார்.

நெஸ்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே வந்ததும் டிரான்டர் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். அது மேஜைக்கு அடியில் போய், நாயைத் தாண்டி, வடக்குச் சுவரில் முட்டி நின்றது.

"தரையைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அதைப் பொறுக்கிக்கொண்டார். பிறகு படிவத்தை மேஜையில் விரித்து, விதிப்படி உரக்கப் படித்தார். "சுவர் நகர்ந்ததற்கான காரணம்: நெஸ்டா ப்ரீஸ், கை ரம்பம், 1936 செப்டம்பர். தந்தையார் வால்டர் ப்ரீஸுக்கு இதில் பங்கு இல்லை." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இப்படி யாரும் எழுதி நான் பாத்ததில்ல, மிஸ் ப்ரீஸ்."

"கேட்டீங்க, எழுதினேன்."

அவர் கையெழுத்துப் போட்டு, ரத்து என்று முத்திரை குத்தினார். கிளெம் கதவோரத்திலிருந்து வெளியே போனான்.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க சார்," என்றாள் நெஸ்டா. கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு, பால் எடுக்கத் திரும்பினாள். பழக்கத்தில் கால் நேராகக் கதவுப் பக்கம் போனது; சாய்கட்டையில் முட்டி நின்றாள். ஒரு நிமிஷம் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜாடியை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, வெளியே இறங்கினாள்.

மழை முகத்தில் அறைந்தது. இருபது எட்டில் வடக்கு மூலை வந்தது, அவள் விழுந்த அதே கல். கல் முழுக்க அடுப்புச் சாம்பலும் கரித்தூளும் கனமாகக் கொட்டியிருந்தது, கால் வழுக்காதபடி. சற்றுத் தள்ளிக் கிளெம் நனைந்துகொண்டே லாரியிலிருந்து இன்னொரு சாக்குச் சாம்பலை இறக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்துப் போக்கா," என்றான், அவளைப் பார்க்காமல்.

"போறேன்டா."

மீதி இருபத்திரண்டு எட்டையும் அவள் திட்டிக்கொண்டே நடந்தாள். அப்பாவைத் திட்டவில்லை. மழையைத்தான் திட்டினாள்.